கணப்படுப்பைச் சுற்றி

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் வெயில் காலத்துக்கு உரியது. ஏப்ரல் வாக்கில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். அப்புறம் குளிர் வந்து மைதானங்களைப் பூட்டிவிடும். அந்த மாதங்களில் எல்லாம் ரசிகர்கள் என்ன செய்வார்கள் என்கிறீர்கள்? பேசுவார்கள். ஆட்டம் நடக்கும்போது பேசுவதைவிட அதிகமாகவே பேசுவார்கள். கச்சேரி முடிந்த மறுநாள் நம் ஊர்த் திண்ணைகளில் அதே கச்சேரி இன்னொரு முறை நடக்கிறதல்லவா, அந்த மாதிரி.

ஆனால் அங்கே திண்ணையில் உட்காரக் குளிர் விடாது. பழைய நாளில் சிற்றூர்ப் பலசரக்குக் கடைகளின் நடுவே ஓர் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஊர்ப் பெரியவர்களும் வேலையில்லாத வாலிபர்களும் அந்தக் கணப்பைச் சுற்றிக் குளிர் காய்ந்துகொண்டு, வரும் வருஷத்துக்குத் தங்கள் குழுவைத் திருத்தி அமைப்பார்கள். "இவனைக் கொடுத்துவிட்டு அவனை வாங்க வேண்டும்" என்பார் ஒருவர். "கொடுத்தது அதிகம், வாங்கினது போதாது" என்பார் இன்னொருவர். இந்தச் சபைக்குச் 'சூட்டடுப்பு லீக்' என்று வேடிக்கையாக ஒரு பெயர் வந்தது. கடையும் அடுப்பும் போய்விட்டன. பெயர் மட்டும் போகவில்லை. குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் கைமாறுவதைப் பற்றி நடக்கும் வாதங்களுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

கொடுப்பது, வாங்குவது என்ற இரண்டு சொற்களையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கொடுக்கப்படுவது பந்தும் அல்ல, மட்டையும் அல்ல, மனிதன். இது எப்படி வந்தது? 1879-ல் முதலாளிகள் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு குழுவும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மற்றக் குழுக்கள் அவர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது. நாளடைவில் அந்த ஐந்து பேர் என்பது எல்லாருமே என்றாகி, ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு ஷரத்தாகவே ஏறிவிட்டது. பத்திரம் என்னவோ ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் வருஷம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கும் உரிமை முதலாளியினுடையது. அவர் புதுப்பித்துக்கொண்டே போகலாம், விற்கலாம், வேறு ஆளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆட்டக்காரனுக்கு மிஞ்சிய உரிமை ஒன்றே ஒன்று: ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது.

போட்டி லீக் ஒன்றைச் சேர்ந்த பால்டிமோர் குழு தொடுத்த வழக்கு, 1922-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பேஸ்பால் ஆட்டம் மாகாணங்களுக்கிடையே நடக்கும் வியாபாரம் ஆகாது, ஆகவே ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் அதைத் தொடாது என்று நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். முதலாளிகளுக்கு அது பெரிய கோட்டைச் சுவராக அமைந்தது.

நம் மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குக் காசும் போகப் போவதில்லை, மாடும் வரப் போவதில்லை. ஆனால் அவர்கள் பேச்சுத்தான் பலமாக இருக்கும். பல்லைப் பார்த்தாயா, சுழியைப் பார்த்தாயா என்று பிரித்து மேய்ந்துவிடுவார்கள். மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். கணப்படுப்புச் சபை இப்படிச் சுற்றி நிற்கிறவர்களின் சபைதான்.

அந்தச் சபையில் ஆறாத வாதம் பேப் ரூத்தைப் பற்றியது. 1919 டிசம்பர் 26-ந் தேதி பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் குழுவின் முதலாளி ஹாரி ஃப்ரேஸீ, நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு அவரை 1,00,000 டாலருக்கு விற்றார். கூடவே பாஸ்டன் மைதானத்தை ஈடாகக் காட்டி 3,00,000 டாலர் கடனுக்கும் பேச்சாயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் விஷயம் வெளியே வந்ததும் பாஸ்டன் ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். அந்த வருஷம் ரூத் 29 ஹோம் ரன் அடித்திருந்தார். ஹோம் ரன் என்பது நம் கிரிக்கெட் சிக்ஸருக்கு அண்ணன் முறை. ஒரே பருவத்தில் அத்தனை ஹோம் ரன் அதுவரை யாரும் அடித்ததில்லை. "அப்பேர்ப்பட்ட ஆளையா விற்பது?" என்றது ஒரு கட்சி. "அவர் அடித்து என்ன? குழு ஆறாவதாக அல்லவா வந்தது! அடங்காத பேர்வழி, போகட்டும்" என்றது மற்றொன்று.

ரூத் 1920-ல் நியூயார்க்கில் 54 ஹோம் ரன் அடித்தார். அதுவரை தன் லீகில்கூட முதலிடம் கண்டறியாத யாங்கீஸ், 1923-ல் 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் பரீட்சையில் ஜயித்தது. 1918-க்குள் ஐந்து முறை அதில் ஜயித்திருந்த பாஸ்டனோ ஆறாவது வெற்றிக்கு 2004 வரை, 86 வருஷம், காத்திருந்தது. ஃப்ரேஸீ நாடகத் தொழிலிலும் முதலாளி. ஆகவே, 'நோ நோ நானெட்' என்ற சங்கீத நாடகத்தைப் போடுவதற்காகத்தான் ரூத்தை விற்றார் என்று ஒரு கதை கிளம்பிற்று. அந்த நாடகம் நியூயார்க் மேடைக்கு வந்தது 1925-ல். விற்ற பணம் ஐந்து வருஷம் பெட்டியில் தூங்கியது என்று நம்ப வேண்டும். ரசிகர்கள் நம்பினார்கள். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நஷ்டத்துக்கு ஒரு வில்லன் அகப்பட்டுவிட்டால் தேதியை யார் பார்க்கிறார்கள்?

சபை எப்போதும் சரியாகச் சொல்லும் என்பதும் இல்லை. 1926 அக்டோபரில் ஸெயின்ட் லூயி கார்டினல்ஸ் குழு, ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பியின் தலைமையில் முதல் முறையாக உலகத் தொடரை வென்றது. டிசம்பரில் அதே ஹார்ன்ஸ்பியை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஃப்ராங்கி ஃப்ரிஷ் என்பவரை வாங்கிக்கொண்டார் முதலாளி. ஊரே கொதித்தது. ஆனால் அந்த ஃப்ரிஷை வைத்துக்கொண்டு அந்தக் குழு 1931-லும் 1934-லும் மறுபடி ஜயித்தது. இதற்கு நேர்மாறு 1965 டிசம்பர். சின்சினாட்டி குழு ஃப்ராங்க் ராபின்ஸனை பால்டிமோருக்குக் கொடுத்தது. முப்பது வயதிலேயே அவர் கிழடு தட்டிவிட்டார் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தக் கிழவர் 1966-ல் 49 ஹோம் ரன் அடித்து, லீகின் மூன்று பெரிய அடிக் கணக்குகளிலும் முதலாவதாக வந்து, பால்டிமோருக்கு உலகத் தொடரையும் வாங்கிக் கொடுத்தார். சில சமயம் முதலாளி ஜயிப்பார், சில சமயம் சபை ஜயிக்கும். இந்த நிச்சயமின்மைதான் பேச்சுக்கு உப்பு.

இத்தனை பேச்சிலும் ஒருவனுடைய குரல் மட்டும் கேட்பதில்லை. யாரைப் பற்றிப் பேச்சோ அவன் குரல். அவன் வாயைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பு இனத்து ஆட்டக்காரர் ஸெயின்ட் லூயி குழுவில் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். மைதானத்தின் நடுப்புறத்தைக் காப்பதில் அவருக்கு ஈடு சொல்வது கடினம். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறைப் பரிசை 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு வருஷம் வாங்கினார். 1964, 1967 ஆகிய இரண்டு வெற்றிகளிலும் பங்குகொண்டார். 1969-ல் அவர் சம்பளம் 90,000 டாலர். அந்த அக்டோபர் 8-ந் தேதி விடியற்காலையில் தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் முதலாளி அல்ல. ஆபீஸில் நடுத்தரமான ஓர் அதிகாரி. "உம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியிருக்கிறோம்" என்பதுதான் சேதி. இன்னும் மூன்று பேரும் அவருடன் போக, அங்கிருந்து டிக் ஆலன் முதலான மூவர் வர ஏற்பாடு. சபைக்கு அந்தக் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு கிடைத்துவிட்டது. நாலுக்கு மூன்று லாபமா நஷ்டமா என்று வாதம் எரிந்தது.

ஃப்ளட் இதற்கு முன்பும் ஒரு தடவை கைமாறியவர். 1957 டிசம்பரில் சின்சினாட்டி குழு அவரைக் கொடுத்தபோது அவருக்கு வயது 19. அமெரிக்காவின் தென் மாகாணங்களில், உடன் ஆடும் வெள்ளைக்காரர்கள் உணவு விடுதிக்குள்ளே சாப்பிட, தாம் தனியே சாப்பிட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. ஆகவே விற்பது, வாங்குவது என்ற சொற்கள் அவர் காதில் வேறு மாதிரி ஒலித்ததில் வியப்பில்லை. 1969 டிசம்பர் 24-ந் தேதி லீகுகளின் தலைமைக் கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருஷம் உழைத்த பிறகும், தம் விருப்பத்தைக் கேட்காமல் விற்று வாங்கத் தாம் ஓர் உடைமை அல்ல என்றும், மற்றக் குழுக்களின் அழைப்புகளையும் பரிசீலிக்கத் தமக்கு உரிமை உண்டு என்றும் கண்டிருந்தார். கமிஷனர் மறுத்தார். ஃப்ளட் வழக்குத் தொடுத்தார். தோற்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆட்ட வாழ்வும் போய்விடும் என்று சங்கத் தலைவர் மார்வின் மில்லர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சங்கம் செலவுக்குத் துணை நின்றது.

தொலைக்காட்சியில் ஒருவர், 90,000 டாலர் வாங்குகிறவர் அடிமையா என்று கேட்டார். கை நிறையச் சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்று பதில் சொன்னார் ஃப்ளட். ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. விளையாடுவதற்குச் சம்பளம் வேறு வாங்கிக்கொண்டு நியாயம் பேசுகிறானே என்று வசைக் கடிதங்கள் வந்தன. 1970-ல் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது, லீகில் முதல் கறுப்பு ஆட்டக்காரராக நுழைந்து சரித்திரம் படைத்த ஜாக்கி ராபின்ஸன் அவருக்காகச் சாட்சி சொன்னார். ஹாங்க் கிரீன்பர்க் என்ற பழைய வீரரும் சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடக் கோர்ட்டுப் பக்கம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறு வருஷத்துப் பத்திரம் முதலாளி கையில் அல்லவா இருந்தது?

இதற்கிடையில், ஃப்ளட் வராததால் பிலடெல்பியாவுக்கு ஆள் குறைகிறதே என்று ஸெயின்ட் லூயி குழு, வில்லி மொன்டான்யஸ் உட்பட இரண்டு இளைஞர்களை ஈடாக அனுப்பிவைத்தது. தாம் உடைமை அல்ல என்று ஒரு மனிதர் வழக்காடிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதில் சரக்கு அனுப்பிக் கணக்கு நேர் செய்யப்படுகிறது!

1972 ஜூன் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் ஹாரி பிளாக்மன். அந்தத் தீர்ப்பின் தொடக்கம் விசித்திரமானது. ஆட்டத்தின் பழைய சரித்திரத்தைச் சொல்லி, எண்பதுக்கு மேற்பட்ட பழைய வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஆட்டக் காலத்திலும் ஆட்டமில்லாத காலத்திலும் ஜனங்களின் பேச்சுக்கு விருந்தாக இருந்த பெயர்கள் என்று உருகுகிறார். தீர்ப்புக்குச் சம்மதித்த இரண்டு நீதிபதிகளே, அந்தப் பகுதியில் மட்டும் சேர மாட்டோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். பேஸ்பாலுக்குக் கிடைத்திருக்கும் சலுகை பொருந்தாத ஒன்றுதான், ஆனால் திருத்த வேண்டியது காங்கிரஸ் சபை என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பில் என் மனம் நின்றுவிடுகிறது. பிளாக்மன் கொடியவர் அல்லர். ஆட்டத்தின் மீது உயிரையே வைத்திருந்தவர். கறுப்பு அங்கியோடு கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று சொல்லலாம். அத்தனை பெயர்களையும் பிரியமாகச் சொல்லிவிட்டு, கண்ணெதிரே நின்ற ஒரு பெயருக்கு விடுதலை இல்லை என்று எழுதினார். பிரியத்துக்கும் மரியாதைக்கும் உள்ள தூரத்தை அந்த ஏட்டில் காண்கிறேன். நம் வீடுகளிலும் இது இல்லாமல் இல்லை. உயிருக்கு உயிராக நேசித்த பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்த தகப்பன்மார்களை நாம் அறிவோம்.

ஃப்ளட் 1971-ல் வாஷிங்டன் குழுவில் பதின்மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார், முடியவில்லை. ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அவர் போட்ட விதை முளைக்க நாளாகவில்லை. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே குழுவில் இருந்தவரை, அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று 1973-ல் விதி வந்தது. ஃப்ளட் அதற்கு முழுத் தகுதி உள்ளவராக இருந்திருப்பார். அந்த டிசம்பரிலேயே சிகாகோவின் ரான் ஸான்டோ, கலிபோர்னியாவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லி நின்றார். 1975 டிசம்பர் 23-ந் தேதி, ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மக்நாலி என்ற இருவர் விஷயத்தில், முதலாளி புதுப்பிப்பது ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும் என்று மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. 1976-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆறு வருஷம் ஆடியவர் விரும்பிய குழுவுக்குப் போகலாம் என்றாயிற்று. 1997 ஜனவரி 20-ந் தேதி ஃப்ளட் 59-வது வயதில் காலமானார். காங்கிரஸ் சபை அவர் பெயராலேயே ஒரு சட்டம் செய்தது 1998-ல்.

சபை என்னவாயிற்று? கலையவில்லை, முன்னிலும் பலமாகப் பேசுகிறது. குறை மட்டும் மாறிவிட்டது. "பணத்துக்காக ஊரை விட்டுப் போய்விட்டான், நன்றி கெட்டவன்" என்கிறார்கள். முதலாளி விற்றால் வியாபாரம். ஆட்டக்காரன் தானே போனால் துரோகம்! இந்த மனக்குறையை நான் முழுவதும் பழிக்க மாட்டேன். பத்து வருஷம் கை தட்டினவனுக்குப் பிரிவில் வருத்தம் இல்லாமல் இருக்குமா? இருந்தாலும் அந்தப் பேச்சில் ஒரு சின்ன மாறுதலைக் கவனித்தேன். முன்பெல்லாம் கணப்படுப்பைச் சுற்றிக் கொடுத்தார்கள், வாங்கினார்கள், அனுப்பினார்கள் என்ற சொற்களே கேட்டன. இப்போது அவற்றோடு இன்னொரு சொல்லும் கேட்கிறது. நல்ல ஆட்டக்காரன் ஒருவனுக்குத் தவணை முடிந்தால், ரசிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கவலையோடு கேட்டுக்கொள்கிறார்கள்: "நம் ஊருக்கு வருவானா?"

வர மாட்டேன் என்று சொல்லக் கூடியவனைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்க முடியும். அந்த ஒரு கேள்விக்காக ஃப்ளட் கொடுத்த விலை, துண்டுக்கு அடியில் பேசி முடித்த விலை அல்ல.