ஏ.எஸ்.ராவ் நகர்: தண்ணீரும் குடித்தனமும்

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்தின் வடகிழக்கே காப்ரா வட்டாரத்தில் உள்ள குடியிருப்புப் பகுதி. 1967இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். என்ற மத்திய அரசின் மின்னணு நிறுவனத்தை உருவாக்கிய விஞ்ஞானி ஐயகாரி சாம்பசிவ ராவின் (1914–2003) பெயர் இதற்கு வைக்கப்பட்டது. அந்த நிறுவன ஊழியர்களுக்கான காலனியாகத்தான் முதலில் உருவானது.

உள்ளூர் வசதியையும் வரியையும் ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் மக்கள் வேறு ஊருக்கு வீடு மாற்றிவிடுவார்கள் என்று 1956இல் அமெரிக்கப் பொருளியலாளர் சார்லஸ் டீபூ எழுதினார். வேலை எங்கே கிடைக்கும் என்ற கவலை அவருடைய கணக்கில் இல்லை. ஆனால் ஏ.எஸ்.ராவ் நகருக்கு முதல் குடும்பங்களை அழைத்துவந்ததே வேலைதான்.

2007 ஏப்ரலில் காப்ரா உட்பட 12 நகராட்சிகளும் 8 கிராம ஊராட்சிகளும் ஹைதராபாத்தோடு இணைந்து பெருநகர மாநகராட்சி ஆயின. அந்த நகராட்சிகளுள் ஒன்றில் வரி குறைவு என்று மாறிப்போக அதன்பின் வழியில்லாமல் போனது. ஆனால் தெருவுக்குத் தெரு வசதி வேறுபடுகிறது. குடும்பங்கள் அதைப் பார்த்தே முடிவெடுக்கின்றன.

வாடகைக்கு அடுத்து விசாரிப்பது தண்ணீரை. “மஞ்சீரா தண்ணி வருதா?” என்பார்கள். கிருஷ்ணா நீர் 2004இலும் கோதாவரி நீர் 2015இலும் நகருக்கு வந்த பிறகும் குழாய்த் தண்ணீருக்கு மஞ்சீரா ஆற்றின் பழைய பெயரே நிலைத்துவிட்டது. குழாய் நீர் ‘சம்ப்’ எனும் நிலத்தடித் தொட்டியில் விழுந்து, மோட்டார் வழியே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறுகிறது. கோடையில் போர்வெல் வற்றினால் டேங்கர்தான். அந்தச் செலவு அடுக்குமாடியின் மாதப் பராமரிப்புத் தொகையில் ஏறிவிடும். வாடகை மலிவென்று குடிவந்த குடும்பம் இதில்தான் திணறிப்போகிறது. வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்ற 2021 ஜனவரித் திட்டம் பெரிய உதவி. ஆனால் அதற்கு ஓடுகிற மீட்டரும் ஆதார் இணைப்பும் வேண்டும். வாடகைக்காரருக்கு எளிதில் அமையாதவை இவை.

குடும்பங்களின் முடிவில் போக்குவரத்து வேறு வகையில் வேலை செய்கிறது. 2017இல் தொடங்கிய மெட்ரோ இங்கே வரவில்லை. தார்நாக்கா, ஹப்சிகூடா நிலையங்களுக்குத்தான் போகவேண்டும். மேற்கே மாதாப்பூரில் ஐ.டி. வேலை கிடைத்த மகனும் மருமகளும் அங்கேயே வீடு பார்க்க, பெற்றோர் பழைய வீட்டில் தங்கிவிடுவது உண்டு. 2023 டிசம்பரில் வந்த பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணமோ, வீடு மாறாமலே தொலைவில் வேலைக்குப் போக வழி திறந்தது. மாநில அரசு செய்த நல்ல காரியங்களுள் இதை முன்னால் வைக்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக முடிந்தது 2011இல். அடுத்த எண்ணிக்கை 2027இல். இடையில் தனிவீடுகளை இடித்து எழுப்பிய அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள் அந்தப் பழைய கணக்கில் இந்தத் தெருக்காரர்களாக இல்லை. தண்ணீர் மட்டும் அவர்களுக்கும் இதே குழாயில்தான் வரவேண்டும்.