பெட்டி மாறும், பேரேடு அழியக்கூடாது



தத்கலில் பெர்த் கிடைத்ததா என்று கைபேசியைப் பார்க்கிறோமே, அந்தப் பதிலுக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதில் பாடமும் இருக்கிறது.

முன்பெல்லாம் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் கையால் எழுதும் பேரேடு. எந்த ரயிலோ அதற்குரிய கவுண்டரில்தான் வரிசை. தோல் வியாபாரமாகக் கான்பூருக்கோ கல்கத்தாவுக்கோ போகிறவர், திரும்பி வரும் பயணத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்பதே அதன் பழைய முழுப்பெயர். பராமரிப்புக்காகப் பிறந்த அந்த நிறுவனம்தான் 1985-ல் புதுடெல்லியில், வாக்ஸ் கம்ப்யூட்டர்களைக் கொண்டு ரயில் முன்பதிவு அமைப்பைத் தொடங்கியது. 1987-ல் மெட்ராஸுக்கும் அது வந்தது. பிறகு ரயில்வேயின் சொந்த நிறுவனமான கிரிஸ் எழுதிய கான்செர்ட் மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கியது. 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் அதன்மூலம் ஒன்றாயின.

இதில் எது கஷ்டம்? ஒரே பெர்த்தை ஒரே நொடியில் நூறு பேர் கேட்பார்கள், ஒருவருக்குத்தான் தரவேண்டும். தந்ததை டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை "பதிவாயிற்று" என்று சொல்லக்கூடாது. சொன்னபின் கரண்ட் போனாலும் அது அழியக்கூடாது. இல்லையென்றால் ஒரே பெர்த்துக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும்.

ஆகவே பிராசஸர் வேகத்தை மட்டும் பார்த்து டேட்டாபேஸ் சர்வர் வாங்கக் கூடாது. டிஸ்க் எவ்வளவு விரைவாக, எவ்வளவு நம்பகமாக எழுதுகிறது என்று பாருங்கள். அடிக்கடி கேட்கப்படும் விவரங்கள் தங்கும் அளவுக்கு மெமரி வேண்டும். டிஸ்குகளும் பவர் சப்ளையும் ஜோடியாக இருக்கட்டும். ஆனால் ஜோடி டிஸ்க் பேக்கப் ஆகாது; தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும். சராசரி நாளைக் கணக்கிடாமல், காலை 10 மணி தத்கல் நெரிசலைக் கணக்கிட்டு வாங்குங்கள். பராமரிப்புக்கும் நேரம் ஒதுக்குங்கள். இத்தனை பெரிய ரயில்வேயே இரவு 11.45-க்கு மேல் சிறிது நேரம் முன்பதிவை நிறுத்தத்தான் செய்கிறது.

இன்னொன்று, தயாரிப்பாளரே மறைந்துபோவது. வாக்ஸ் செய்த டிஜிட்டல் நிறுவனத்தை 1998-ல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002-ல் எச்பி வாங்கியது. 2010-ல் வந்த நம் ரயில்வே அமைப்பு ஐட்டானியம் சர்வர்களையும் ஓபன் விஎம்எஸ்ஸையும் நம்பியது. 2021-ல் இன்டெல் ஐட்டானியம் விற்பனையை நிறுத்திவிட்டது. முன்பதிவு அமைப்பைப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றும் வேலை நடப்பதாக ரயில்வே அமைச்சகம் 2025-ல் அறிவித்தது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் கம்பெனிகளில் சர்வர் வாங்கும் இடத்தில் இருக்கும் பிள்ளைகளே, விலை கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: பத்து வருடம் கழித்து இதற்கு ஸ்பேர் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் கணக்கை வேறு பெட்டிக்கு மாற்ற வழி உண்டா? பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.