டர்ன்டேபிளா, டிஜிட்டல் டெக்கா? டி.ஜே. ஆக ஆசைப்படுபவர் முதலில் எண்ண வேண்டியது பணத்தை அல்ல, பாட்டை

வாரத்தில் ஐந்து நாள் வைட்ஃபீல்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு ப்ரூவரியில் டி.ஜே. மேஜை அருகே நின்று பார்க்கும்போது, ‘இதை நாமும் கத்துக்கிட்டா என்ன?’ என்று தோன்றுகிறது. மறுநாள் காலை யூடியூபைத் திறந்தால் இரண்டு கட்சிகள். வினைல்தான் உண்மையான கலை, மற்றதெல்லாம் பட்டன் அமுக்குவது என்கிறது ஒன்று. வினைல் வெறும் பழைய நினைவு, பணத்தை வீணாக்காதே என்கிறது இன்னொன்று.

இரண்டுமே உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: நீங்கள் ப்ளே பண்ணப்போகும் பாட்டு எது? தமிழ்ப் பாட்டு ப்ளே பண்ண விரும்பும் ஒருவருக்கு, எந்தக் கருவி என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எது எது?

டர்ன்டேபிள் என்பது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி. ஆனால் வீட்டில் பாட்டு கேட்க வாங்கும் எல்லா டர்ன்டேபிளும் டி.ஜே. வேலைக்கு ஆகாது. தட்டைக் கையால் நிறுத்தி, பின்னால் இழுத்து, விட்டதும் அது உடனே பழைய வேகத்துக்கு வர வேண்டும். அதற்கு மோட்டார் தட்டோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும். இதுதான் டைரக்ட் டிரைவ். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான மாடல்களில் ரப்பர் பெல்ட்தான் தட்டைச் சுழற்றும். கை வைத்தால் பெல்ட் வழுக்கும், வேகம் தடுமாறும்.

டிஜிட்டல் டெக்கில் இரண்டு வகை. ஒன்று கன்ட்ரோலர். லேப்டாப்பில் ஓடும் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ போன்ற மென்பொருளை இயக்கும் பலகை இது. இன்னொன்று, லேப்டாப் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே பாட்டை எடுக்கும் தனி பிளேயர். பயனியரின் சி.டி.ஜே. வரிசை இந்த ரகம். பெரிய கிளப்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. டி.வி.எஸ். என்பார்கள். டர்ன்டேபிளில் சுழல்வது பாட்டு இல்லாத ஒரு சிறப்புத் தட்டு. அதில் பதிவாகியிருப்பது ஒரு சிக்னல் மட்டும். ஊசி அதைப் படித்து, தட்டு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணினிக்குச் சொல்லும். ஒலிப்பது உங்கள் லேப்டாப்பில் உள்ள எம்.பி.3. கை படுவது தட்டில், பாட்டு வருவது ஹார்ட் டிஸ்கிலிருந்து. 2004-இல் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் இந்த முறையைப் பரவலாக்கியது.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1972-இல் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 டர்ன்டேபிளை வெளியிட்டபோது, அது வீட்டில் பாட்டு கேட்பவருக்கான கருவி. மறு ஆண்டு, 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கூல் ஹெர்க் நடத்திய பார்ட்டியை ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். இரண்டு டர்ன்டேபிள்களை வைத்து, பாட்டின் தாளப் பகுதியை மட்டும் நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. அந்தத் தலைமுறைக்குப் பின் எஸ்.எல்.-1200 டி.ஜே.க்களின் கருவியாகவே ஆகிவிட்டது.

2001-இல் பயனியரின் சி.டி.ஜே.-1000 வந்தது. சி.டி.யையும் தட்டு போலக் கையால் இழுக்கலாம் என்று அது காட்டியது. 2010-இல் டெக்னிக்ஸ் தன் 1200 வரிசையின் உற்பத்தியையே நிறுத்தியது. வினைல் கதை முடிந்தது என்று நினைத்தபோது, 2016-இல் அதே வரிசை திரும்பி வந்தது. 2019-இல் டி.ஜே.க்களுக்கென்றே எம்.கே.7 மாடலும் வந்தது. ஆக, இரண்டு கருவியும் இன்று உயிரோடுதான் இருக்கின்றன. எது செத்தது என்பது இனி கேள்வியே இல்லை.

உங்கள் 50 பாட்டு எங்கே இருக்கிறது?

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள். ஒரு மணி நேரம் ப்ளே பண்ணச் சொன்னால் நீங்கள் நிச்சயம் போடும் 50 பாட்டை எழுதுங்கள். பக்கத்தில் மூன்று காலம்: வெளிவந்த ஆண்டு, எல்.பி.யாக வந்ததா, இன்று அதை வாங்க முடியுமா.

எழுதி முடித்ததும் ஒரு கோடு தானாகவே தெரியும். 1970-கள், 80-களின் தமிழ்த் திரைப்பாடல்கள் தட்டாக வந்தவை. பழைய கடைகளில், சேகரிப்பாளர்களிடம் தேடினால் கிடைக்கும். 1990-களின் தொடக்கத்தில் கேசட் முழுதாக இடத்தைப் பிடித்தது. புதுப் படப்பாடல் எல்.பி.யாக வருவது ஏறக்குறைய நின்றேபோனது. ஏ.ஆர்.ரஹ்மான் ‘ரோஜா’வோடு அறிமுகமானது 1992-இல். அனிருத் ‘3’ படத்தோடு வந்தது 2012-இல். அதாவது, உங்கள் தலைமுறை கல்லூரியில் ஆடிய பாட்டில் பெரும்பகுதி வினைல் காலத்துக்குப் பிறகு பிறந்தது.

மறுபதிப்புகள் வருகின்றன, உண்மைதான். மும்பையில் 2024-இல் மீண்டும் ஒரு வினைல் அச்சு ஆலை இயங்கத் தொடங்கியது. ஆனாலும் போன மாதம் வந்த குத்துப் பாட்டைத் தட்டில் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் பட்டியலில் 40 பாட்டு 1992-க்குப் பிறகு என்றால், தூய வினைல் உங்களுக்கு வழியே இல்லை. இதில் ரசனை, தூய்மை என்ற விவாதத்துக்கு இடமில்லை. 40 பாட்டு அதற்கு முன்பு என்றால், அல்லது நீங்கள் ப்ளே பண்ண நினைப்பது ஹவுஸ், டெக்னோ, பழைய டிஸ்கோ என்றால், வினைல் உண்மையிலேயே ஒரு தேர்வு.

தட்டில் மட்டும் இருக்கும் பாட்டு

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. எல்லாப் பழைய பாட்டும் ஆப்பில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இருந்தாலும் பல, தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றியது போலத்தான் ஒலிக்கும்.

1982-இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், சிந்தசைஸரில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்.பி. வெளியிட்டார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர் கையில் பழைய பிரதி ஒன்று சிக்கியது. 2010-இல் மறுபதிப்பு வந்தது. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிட்டத்தட்ட அதே ஒலி இங்கே வந்துவிட்டதே என்று உலகமே வியந்தது. இளையராஜாவின் அந்தக் கால எலெக்ட்ரானிக் பாடல்களையும் பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிள் பின்னாளில் தொகுத்துத் தட்டாகவே வெளியிட்டது. பழைய தட்டுகளைக் கிளறுபவர்கள் இல்லாவிட்டால் இதில் பாதி நடந்திருக்காது.

தாளம்: கணினி எங்கே தடுமாறும்?

இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றாக்குவதுதான் டி.ஜே.வின் அடிப்படை வேலை. டர்ன்டேபிளில் இதைக் காதால் கேட்டு, வேகக் கோலைத் தள்ளித்தான் செய்யணும். டிஜிட்டலில் ‘சிங்க்’ பட்டன் இருக்கிறது. மென்பொருள் பாட்டை அலசி, ஒவ்வோர் அடிக்கும் கோடு போட்டு வைத்திருக்கும்.

கணினியில் புரோகிராம் செய்த தாளத்துக்கு இது அருமையாக வேலை செய்யும். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஸ்டூடியோவில் தபலாவும் டிரம்ஸும் மனிதர்கள் வாசித்தவை. சரணத்தில் வேகம் கொஞ்சம் ஏறும், இடையிசையில் இறங்கும். மென்பொருள் போட்ட கோடு இரண்டாவது நிமிடத்தில் விலகியிருக்கும். நம்ம ஊர்க் குத்தில் அடிக்கடி வரும் 6/8 நடையையும் மென்பொருள் தப்பாக எண்ணிவிடுவது உண்டு.

அதனால், எந்தக் கருவி வாங்கினாலும் காதால் தாளம் சேர்க்கக் கத்துக்கோங்க. தமிழ்ப் பழைய பாட்டு ப்ளே பண்ணும் டிஜிட்டல் டி.ஜே.வுக்கு, வினைல் ஆட்களிடமிருந்து கடன் வாங்க வேண்டிய திறமை இதுதான்.

சுருதியிலும் வேறுபாடு உண்டு. எம்.கே.7-இல் வேகத்தை 8 சதவீதம் வரையோ, தேர்ந்தெடுத்தால் 16 சதவீதம் வரையோ மாற்றலாம். நிமிடத்துக்கு 100 அடி உள்ள பாட்டை 8 சதவீத அளவில் 92 முதல் 108 வரை கொண்டுபோகலாம். ஆனால் தட்டில் வேகத்தோடு சுருதியும் ஏறும். சுமார் 6 சதவீதம் ஏற்றினாலே, ஹார்மோனியத்தில் அடுத்த கட்டைக்குப் போன மாதிரி. எஸ்.பி.பி. குரல் வேறு யாரோ போல ஒலிக்கும். டிஜிட்டலில் சுருதியைப் பூட்டி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் மாற்றலாம்.

செலவும் சுமையும்

இந்திய விலை டீலருக்கு டீலர் மாறும். வரியும் கப்பல் செலவும் வேறு சேரும். ஒப்பிட்டுப் பார்க்க, வெளிவந்தபோது அமெரிக்காவில் இருந்த விலையை எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலை கன்ட்ரோலரான டி.டி.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4 சுமார் 300 டாலர். டெக்னிக்ஸ் எம்.கே.7 ஒன்று சுமார் 1,000 டாலர். 2020-இல் வந்த சி.டி.ஜே.-3000 ஒன்று 2,299 டாலர். கன்ட்ரோலர் ஒன்று போதும். மற்றவை இரண்டு இரண்டு வேண்டும், மிக்ஸர் தனி. ஆக, ஒரு ஜோடி டர்ன்டேபிளுக்கே கன்ட்ரோலரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அதில் ஊசியும் தட்டும் இன்னும் சேரவில்லை. ஊசி தேயும் பொருள், மாற்றிக்கொண்டே இருக்கணும். டி.ஜே.க்கள் பலர் நம்பியிருந்த ஷ்யூர் நிறுவனம் 2018-இல் ஊசித் தயாரிப்பையே விட்டுவிட்டது.

சுமையையும் கணக்கு போடுங்கள். எம்.கே.7 ஒன்றின் எடை சுமார் 9.6 கிலோ. உறையோடு ஓர் எல்.பி. ஏறக்குறைய கால் கிலோ என்று வைத்தால் 60 தட்டுக்கு 15 கிலோ. மறுபக்கம், 320 கே.பி.பி.எஸ். தரத்தில் நாலரை நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 11 எம்.பி. ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் ஏறக்குறைய 5,900 பாட்டு அடங்கும். அதைச் சட்டைப் பையில் போட்டு பர்ப்பிள் லைன் மெட்ரோவில் போய்விடலாம்.

எங்கே ப்ளே பண்ணப் போகிறீர்கள்?

கிளப்பில் என்றால், அங்கே ஏற்கெனவே என்ன கருவி இருக்கிறது என்று கேளுங்கள். பல இடங்களில் சி.டி.ஜே. இருக்கும், டர்ன்டேபிள் இருக்காது. இருந்தாலும் ஊசி நல்ல நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஊசிக்கு அதிர்வு ஆகாது. மரத்தரையில் நாலு பேர் குதித்தால் தாவும். ஸ்பீக்கரின் பாஸ் மேஜை வழியாக ஊசிக்கே திரும்பி வந்து உறுமும். வைட்ஃபீல்டில் எங்கே பார்த்தாலும் கட்டுமான வேலை. ஜன்னலைத் திறந்து வைத்தால் தட்டின் பள்ளங்களில் தூசி சேரும். வினைல் என்றால் மூடியும் தூரிகையும் கட்டாயம்.

ஃபிளாட்டில் பயிற்சி என்றால் எந்தக் கருவியானாலும் ஹெட்ஃபோன். ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு.

வீட்டில் பழைய தட்டு இருந்தால்

இது முக்கியம். ஊரில் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த எல்.பி.க்கள் கைக்கு வந்தால், அவற்றை வைத்து ஸ்கிராட்ச் பழகாதீர்கள். டி.ஜே. ஊசி சுமார் 3 கிராம் எடையில் அழுத்தும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தால் பள்ளம் தேயும், அந்த இடத்தில் நிரந்தரமாக இரைச்சல் ஏறும். மறுபதிப்பே வராத தட்டு என்றால், தேய்ந்தது தேய்ந்ததுதான்.

தட்டைச் சுத்தம் செய்து, நல்ல ஊசியில் ஒரே ஒரு முறை ஓடவிட்டு, சுருக்காத டபிள்யூ.ஏ.வி. கோப்பாகக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பை டி.வி.எஸ்.ஸில் ப்ளே பண்ணுங்கள். இழுபடுவது சிறப்புத் தட்டு. தாத்தாவின் தட்டு உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

அப்போ என்ன வாங்கலாம்?

*இப்போதுதான் தொடங்குகிறீர்கள், பட்டியலில் பெரும்பாலும் புதுப் பாட்டு:* சின்ன கன்ட்ரோலர். ஆறு மாதம் பழகுங்கள். ஆர்வம் போனாலும் நஷ்டம் குறைவு.

*கிளப்பில் ப்ளே பண்ணுவதே குறி:* அதே கன்ட்ரோலர், கூடவே பென் டிரைவில் பாட்டை ஒழுங்காக அடுக்கும் பழக்கம். சி.டி.ஜே.வைச் சொந்தமாக வாங்க அவசரம் வேண்டாம், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டூடியோ இருந்தால் அங்கே பழகலாம்.

*கை தட்டில் பட வேண்டும், ஸ்கிராட்ச் கத்துக்கணும், பாட்டு தமிழ்:* இரண்டு டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள், டி.வி.எஸ். வசதியுள்ள மிக்ஸர். வாங்குமுன் பாருங்கள்: சின்ன கன்ட்ரோலர் பலவற்றில் டர்ன்டேபிளை இணைக்கவே வழி இருக்காது.

*பட்டியல் முழுக்க 1992-க்கு முன், தேடுவதே சுகம்:* வினைல். அவசரப்படாமல், ஒரு டர்ன்டேபிளில் தொடங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் அந்த 50 பாட்டுப் பட்டியலை முடித்துவிடுங்கள். இந்த வார இறுதியின் ஒரு மணி நேரம் போதும், ஒரு மாதச் சம்பளம் மிச்சமாகலாம்.