தன் முகமும் அடுத்த வீட்டு முகமும்: எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகங்கள்?

பொல்பிட்டியவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று இருக்கிறது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்காகக் கட்டப்பட்ட அறை அது. சனிக்கிழமைகளில் அங்கே இரண்டு பெட்டி புத்தகங்களோடு நான் உட்கார்ந்திருப்பேன். கடந்த மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு பெட்டிகளையும் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், நம்ம தோட்டத்துப் புள்ள வர்ற கதை ஒன்னுமே இல்லையா?"

பெட்டியில் நரி இருந்தது, ராஜா இருந்தார், சென்னையில் ஆட்டோவில் போகும் பிள்ளை இருந்தது, லண்டனில் பனியில் விளையாடும் பிள்ளையும் இருந்தது. லயத்தில் வாழும் பிள்ளை மட்டும் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் பலர் எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் அனுப்ப விரும்புகிறார்கள். எதை அனுப்புவது, எதைத் தேடுவது, எதை எழுத வேண்டும் என்பதற்கு இது ஒரு கைவிளக்காக இருக்கட்டும்.

பல்கலாசார நூல் என்றால் என்ன?

பல இன, மத, மொழி, பிரதேச மக்களின் வாழ்க்கையை, அவரவர் மதிப்புக் குறையாமல், பிள்ளைகளுக்குச் சொல்லும் நூல்களையே பல்கலாசார நூல்கள் என்கிறோம்.

1965இல் நான்சி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர், தம் நாட்டில் 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். அவற்றுள் 349இல் மட்டுமே, அதாவது 6.7 வீதத்தில் மட்டுமே, கறுப்பினப் பிள்ளை ஒன்றேனும் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளும் அதே வகுப்பறைகளில்தான் படித்தார்கள். ஆனால் கதைகளில் அவர்கள் இல்லை.

1990இல் பேராசிரியை ருடின் சிம்ஸ் பிஷப் இதைப் பிள்ளைகளுக்கும் விளங்கும் விதமாகச் சொன்னார். நூல் சில வேளை முகம் பார்க்கும் கண்ணாடி, சில வேளை ஜன்னல், சில வேளை கடந்து போகும் கதவு. கண்ணாடியில் தன்னைக் காணாத பிள்ளை, தான் கணக்கில் இல்லாதவள் என்று படித்துக்கொள்கிறாள். அவர் சொன்ன மற்றப் பாதியைத்தான் நாம் மறந்து விடுகிறோம்: தன் முகத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கும் அது நட்டமே. உலகத்தில் தன்னைப் போன்றவர்களே முக்கியம் என்று அது எண்ணிக்கொள்கிறது.

எழுதப்படாத புத்தகங்கள்

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அந்த நெருப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் எழுதப்படாமலே போன புத்தகங்களுக்காக யாரும் அழுவதில்லை. மலையகப் பிள்ளையின் இழப்பு அந்த வகையைச் சேர்ந்தது.

காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003 ஆகிவிட்டது. அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளே. வாசிக்கும் பிள்ளையே குறைவாக இருந்த இடத்தில், அந்தப் பிள்ளைக்காக எழுதுபவரும் அச்சிடுபவரும் எங்கிருந்து வருவார்கள்?

ஆனாலும் மலையகத்துக்கு இலக்கியம் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்க்கையைக் கவிதையில் வைத்தார். அவர்களின் நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ ஆகிய சிறுகதைத் தொகுதிகள் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாக வாசிக்கக்கூடியவை. குறை எட்டு, ஒன்பது வயதுக்குத்தான். படத்தோடு, பெரிய எழுத்தில், சிரிக்கவும் வைக்கும் மலையகக் கதைகள் மிகக் குறைவு.

ஒரு சொல்லும் ஒரு புத்தகமும்

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது இதே மலையில். பள்ளத்தில் 1969இல் தொடங்கிய மின்நிலையம் இரவில் வெளிச்சமாகத் தெரியும். எங்கள் லயத்திலோ குப்பி விளக்கு. 1977 வன்செயலின் பின் அப்பாவும் அம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். அப்போது மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். வன்னி எங்களுக்கு நிலம் தந்தது, சோறு தந்தது. ஆனால் நான் படித்த பாடசாலையில் என் பெயரைவிட அதிகமாக நான் கேட்ட சொல் "தோட்டக்காட்டாள்". சொன்னவர்கள் சிங்களவர் அல்லர். என் மொழியைப் பேசிய பிள்ளைகள். பிற்காலத்தில் நாங்களும் அவர்களும் ஒரே பங்கரில் இருந்தோம், ஒரே முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அந்தச் சொல் அப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

2011இல் சின்னம்மா வீட்டுக்கென்று இங்கே திரும்பி வந்தேன். அதன் பிறகுதான் டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என் கைக்குக் கிடைத்தது. 1981இல் ஜப்பானில் வெளிவந்து தமிழிலும் பலரால் வாசிக்கப்படும் நூல். பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு பாடசாலையின் உண்மைக் கதை. போரில் விழுந்த குண்டுகளில் அந்தப் பாடசாலை எரிந்துபோவதோடு அது முடிகிறது.

அதில் ஒரு சிறு அத்தியாயம். கொரியச் சிறுவன் ஒருவன் டோட்டோ-சானைப் பார்த்து "கொரியாக்காரி!" என்று கத்துகிறான். அவள் ஜப்பானியச் சிறுமி, அவளுக்கு விளங்கவில்லை. தாய்க்கு விளங்கிவிடுகிறது. எல்லோரும் அந்தச் சொல்லால் அவனை ஏசி ஏசி, அது ஒரு கெட்ட வார்த்தை என்றே அவன் நினைத்துவிட்டான். தன் இனத்தின் பெயரே அவனுக்கு வசைச் சொல்லாகிவிட்டது.

இந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டிய நாளில் பிள்ளைகள் சத்தமே போடவில்லை. பிறகு பெரிய பையன் ஒருவன் சொன்னான்: "எங்கள டவுன்ல தோட்டக்காட்டான்னு சொல்றாங்களே, அது மாதிரிதானே டீச்சர்?" ஜப்பானில் ஒரு தாய் தன் மகளுக்குச் சொன்னது எங்கள் மலையில் ஒரு பையனுக்கு விளங்கியது. நல்ல பல்கலாசார நூல் செய்யும் வேலை இதுதான். அது தூரத்து வீட்டைக் காட்டி, நம் வீட்டுக் காயத்துக்குப் பெயர் வைக்கிறது. இதே அத்தியாயத்தை கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அங்கே அது கண்ணாடியாக அல்ல, ஜன்னலாக வேலை செய்யும்.

அயலவரின் கதைகள்

பொல்பிட்டியவில் தோட்டத்தை விட்டு இறங்கினால் சிங்களக் கிராமம். ஒரே கடை, ஒரே பஸ். ஆனால் ஒருவர் கதையை ஒருவர் அறியோம்.

சிங்களப் பிள்ளைகளின் செல்லக் கோமாளி மகாதெனமுத்தா, எல்லாம் தெரிந்தவர் போல் நடிக்கும் கிழவர். அவருக்கு ஐந்து சீடர்கள். பானைக்குள் தலையை விட்டுக்கொண்ட ஆட்டைக் காப்பாற்றச் சொன்னால், ஆட்டின் தலையை வெட்டச் சொல்லுவார். இதைச் சொன்னவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு நம்முடைய பரமார்த்த குரு ஞாபகம் வந்துவிடும். வீரமாமுனிவரின் அந்தக் குருவுக்கும் சீடர்கள் ஐந்து பேர்தான். அதேபோல் அரசவை விகடன் அந்தரேயை நம் தெனாலிராமன் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஒரே மாதிரியான முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிற இரண்டு பிள்ளைகளை எதிரிகளாக்குவது கொஞ்சம் கடினம்.

சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன், இந்த நாட்டின் மிகச் சிறந்த படக்கதைகளில் ஒன்று. குடையே இல்லாத கிராமத்துக்கு ஒருவர் பட்டணத்திலிருந்து குடை வாங்கி வருகிறார். ஒவ்வொரு முறையும் அது களவு போகிறது. திருடன் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு மலையேறும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்தக் கிராமம் அந்நியமானதல்ல. நான் சிங்களப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லுவேன். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய ‘மடோல் தூவ’ பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ஏற்றது. இரண்டு குறும்புப் பையன்கள் ஆளில்லாத தீவில் தங்கள் வாழ்க்கையை அமைக்கும் கதை. தமிழ் உட்படப் பல மொழிகளுக்குப் போயிருக்கிறது.

இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம் வரலாம். நமக்கு நடந்ததெல்லாம் நடந்த பிறகு, அவர்கள் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அயலவரின் கதையை அறிவது, நமக்கு நடந்ததை மறப்பது அல்ல. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாம். அதோடு இந்தக் கேள்வி நம்மையும் நோக்கித் திரும்ப வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையின் கதையை நம் பிள்ளைகள் எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள்?

பதின்ம வயதினருக்கு

சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ சோவியத் காலத்தில் தமிழுக்கு வந்த குறுநாவல். எழுத்தறிவே அதிகமில்லாத இளைஞன் ஒருவன், கிர்கிஸ் மலைக்கிராமம் ஒன்றில் பாடசாலை தொடங்குகிறான். குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைச் சுமந்து கடக்கிறான். மலையகத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் இதை வாசிக்க வேண்டும். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு தமிழில் உண்டு.

ஆங்கிலம் வாசிக்கும் புலம்பெயர் பிள்ளைகளுக்கு ஷ்யாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’ (2005) உண்டு. 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கும் கதை. பெஞ்சமின் டிக்ஸ், லின்ட்சே பொலொக் ஆகியோரின் ‘வன்னி’ (2019) இறுதிப் போரைச் சித்திரக் கதையாகச் சொல்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘வன்னி’ போன்ற நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள். வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளை என்றால் பக்கத்தில் இருங்கள். "போதும்" என்று அவள் சொன்னால் மூடி வைத்துவிடுங்கள். புத்தகம் காத்திருக்கும்.

தெரிவு செய்யும்போது கேளுங்கள்

• கதையில் முடிவெடுப்பது யார்? தோட்டத்துப் பிள்ளை உதவி பெறுவதற்காக மட்டும் வருகிறாளா, தானே ஒன்றைச் செய்கிறாளா?

• பரிதாபம் மட்டுமா? லயத்தில் அட்டைக்கடியும் கடனும் உண்டு. காமன் கூத்தும் கிரிக்கெட்டும் சிரிப்பும் உண்டு.

• பெயர், சாப்பாடு, உடை, படத்தில் உள்ள வீடு எல்லாம் சரியாக இருக்கின்றனவா?

• மொழி யாருடையது? அம்மாவின் அம்மாவை யாழ்ப்பாணத்துப் பிள்ளை அம்மம்மா என்பாள். எங்கள் லயத்தில் அம்மாயி. இரண்டும் தமிழ்தான். ஒன்றைப் பிழை என்று திருத்தும் புத்தகம் வேண்டாம்.

• கதையில் வரும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இதை வெட்கமில்லாமல் சத்தமாக வாசிக்க முடியுமா? என் கடைசிச் சோதனை இதுதான்.

எங்கே கிடைக்கும்?

இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், நம் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. சென்னையின் துளிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படக்கதைகள் வெளியிடுகிறது. ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையிலேயே தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் நூல்களைத் தயாரித்திருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து, மலையக எழுத்துகளைத் தேடி வாசிக்கலாம்.

அனுப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐம்பது பழைய பாடநூல்களைவிட, தெரிந்தெடுத்த ஐந்து கதைப் புத்தகங்கள் எங்களுக்குப் பெரிது. அதோடு ஒரு கடிதமும் வையுங்கள்: உங்கள் ஊர் எது, அங்கே பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று. அதுவும் ஒரு ஜன்னல்தான்.

அந்தச் சிறுமிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நாலு தாளை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அம்மாயி மழையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பேத்திக்கு ரொட்டி கொண்டு வரும் கதையை எழுதி, படமும் கீறிக் கொண்டு வந்தாள். இப்போது அது பெட்டியில் இருக்கிறது. அதிகமாக இரவல் போவது அந்தப் புத்தகம்தான்.