கூப்பர் பிளாக்: கொழுத்த எழுத்தின் கதை

ஓர் எழுத்தைப் பார்த்தாலே சிரிப்பு வருமா? கூப்பர் பிளாக் என்னும் ஆங்கில எழுத்துருவைப் பார்த்தால் பலருக்கு வரும். தடித்த உடம்பு, மழுங்கிய மூலைகள், குட்டைக் கால்கள். ஐரோப்பாவில் பறக்கும் ஈசிஜெட் விமானங்களில் ஆரஞ்சு வண்ணத்தில் எழுதப்பட்டிருப்பது இந்த எழுத்துதான்.

இதை வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். 1879இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். ஓவியர் ஆகவேண்டும் என்ற கனவோடு சிகாகோ வந்தார். ஓவியம் கைகொடுக்கவில்லை, எழுத்து கைகொடுத்தது. பிரெடெரிக் கௌடி என்ற புகழ்பெற்ற எழுத்துக் கலைஞரிடம் பாடம் பயின்று, 1904இல் பெர்ட்ச் என்பவருடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார். விளம்பரங்களுக்குக் கையால் எழுதிக் கொடுப்பதே பிழைப்பு.

பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்க்கும் நிறுவனம் அவருடைய கையெழுத்தின் அழகை ஈயத்தில் வார்க்க விரும்பியது. 1922இல் கூப்பர் பிளாக் வெளிவந்தது.

அதன் வட்ட வடிவம் வெறும் அலங்காரம் அல்ல. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் ஈய எழுத்தின் மெல்லிய கோடுகள்தாம் முதலில் உடையும். கூரிய முனைகள்தாம் முதலில் தேயும். கூப்பரின் எழுத்தில் உடைவதற்கு மெல்லிய கோடும் இல்லை, தேய்வதற்குக் கூரிய முனையும் இல்லை. கால்கள் குட்டையாக இருந்ததால் வரிகளை நெருக்கிக் கோக்கவும் முடிந்தது. விளம்பரக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். பழைமை விரும்பிகளான அச்சகத்தார் அதற்குச் சூட்டிய பெயர் ‘கறுப்பு அபாயம்’!

வெற்றி வந்தால் நகலும் வரும். அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978இலும் நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது. லட்லோ நிறுவனம் ‘லட்லோ பிளாக்’ கொண்டுவந்தது. மோனோடைப் நிறுவனத்தின் போட்டி எழுத்தை 1925இல் வரைந்து கொடுத்தவர் யார் தெரியுமா? கூப்பரின் ஆசான் கௌடியேதான். குருவே சீடனின் சந்தையில் கடை விரித்தார் என்றால் அந்தக் கொழுத்த எழுத்துக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும்!

1933இல் பார்ன்ஹார்ட் நிறுவனம் மூடப்பட்டது. 1940இல் கூப்பர் காலமானார். எழுத்து மட்டும் சாகவில்லை. அறுபதுகளில் ஒளியச்சுக் கோப்பும் லெட்ராசெட் ஒட்டெழுத்துத் தாள்களும் பரவின. ஈயக் கட்டையின் இடைவெளி ஒழிந்ததால், எழுத்துகளை ஒன்றோடொன்று உரச வைக்க முடிந்தது. 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டின் அட்டையில் அப்படித்தான் நெருங்கி நின்றது. 1968இல் பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் தலைப்புக்கும் அதுவே. மங்கலான பழைய தொலைக்காட்சித் திரையில் மெல்லிய எழுத்து காணாமல் போகும், இது போகாது.

1995இல் ஸ்டெலியோஸ் ஹாஜி இயோனோ ஈசிஜெட்டைத் தொடங்கினார். ‘ஈசி’ என்ற பெயரும் அந்தத் தோற்றமும் அவருடைய ஈசிகுரூப் நிறுவனத்துக்குச் சொந்தம். 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவற்றைப் பயன்படுத்துவதற்காக விமான நிறுவனம் தன் வருவாயில் 0.25 விழுக்காட்டை ஆண்டுதோறும் செலுத்த ஒப்புக்கொண்டது. கூப்பரின் எழுத்தை யார் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம். அதை ஆரஞ்சு வண்ணத்தில் ‘ஈசி’ என்ற சொல்லோடு சேர்த்தால் வழக்கறிஞர் கடிதம் வரக்கூடும். 2023இல் ஈசி லைஃப் என்ற இங்கிலாந்து இசைக்குழு, ஈசிகுரூப்பின் வழக்கை எதிர்த்து நிற்க வசதியின்றித் தன் பெயரையே கைவிட்டது.