ரப்பர் பிறந்த மண்ணில் எழுந்த உரிமைக் குரல்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் வட்டாரத்தில், லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் அசஹான். அதனைச் சார்ந்தது புக்கிட் அசஹான் தோட்டம். மலாயா ரப்பர்த் தொழிலின் வரலாற்றில் இத்தோட்டம் இருமுறை தடம் பதித்தது. முதலாவது முதலீட்டின் வரலாறு, நூல்களில் இடம்பெற்றுவிட்டது. இரண்டாவது உழைப்பின் வரலாறு. முதியோர் நினைவிலேயே பெரிதும் தங்கிவிட்டது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றித் தோட்டத் தமிழரின் வாழ்வு நமக்கு முழுமையாக விளங்காது.

தோட்டம் தோன்றிய வகை

சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தி வந்தார். காப்பியையே நம்பியிருந்த ஐரோப்பியர் பலர் அதனைச் செவிமடுக்கவில்லை. செவிமடுத்தவர் மலாக்காச் சீனரான டான் சே யான். 1896ஆம் ஆண்டில் அவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன் வெற்றியைக் கண்டு, புக்கிட் அசஹானில் பெருநிலப் பரப்பில் மரவள்ளியோடு ரப்பரையும் பயிரிட்டார். 1906ஆம் ஆண்டில் அத்தோட்டம் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றுக்குப் பெருந்தொகைக்கு விற்கப்பட்டது. இலாபம் கண்ட இலண்டன் முதலீட்டாளர் மலாயாக் காடுகளை நோக்கி விரைந்தனர்.

காட்டைத் திருத்தவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்து ஊர்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையோ, இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை நீடித்தது.

எல்லைக்குள் அடங்கிய வாழ்வு

தோட்டம் வேலை செய்யும் இடம் மட்டுமன்று. குடியிருக்கும் லயம், சாமான் வாங்கும் கடை, மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை ஆகிய யாவும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உள்ள தோட்டங்களில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தமிழ்ப் பள்ளிகள் பெருக அது காரணமாயிற்று எனினும், பள்ளியும் துரையின் கைக்குள் அடங்கிற்று. ஆகவே, வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் படிப்பும் போகும். கம்பெனியின் வலிமை அதன் பணத்தில் மட்டும் இல்லை. இந்தப் பிணைப்பிலும் இருந்தது. கூலி பற்றி வாய் திறந்தவன் தன் கூரையையே பணயம் வைத்தான்.

அவ்வாறிருந்தும் மக்கள் வாய் திறந்தனர். 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் அதற்குச் சான்று. கூலி உயர்வுடன் வேறு சில கோரிக்கைகளையும் தொழிலாளர் எழுப்பினர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களுக்கு இழைக்கப்படும் இழிவு நிற்க வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். கூலி கேட்டவர் மானமும் கேட்டனர். அரசு படையை ஏவியது, ஐவர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. 1948இல் அவசரகாலம் பிறந்ததும் அவ்வலிமை முறிக்கப்பட்டது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949ஆம் ஆண்டு மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதன் பின் எஞ்சிய சங்கங்கள் மாநில அளவில் சிதறிக் கிடந்தன. முதலாளிகளோ ஓரணியாய் நின்றனர். இந்நிலையை மாற்ற, 1954இல் ஐந்து சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அவ்வைந்தில் மலாக்காத் தோட்ட ஊழியர் சங்கமும், அலோர் காஜாத் தொழிலாளர் சங்கமும் இரண்டு. பரப்பிற் சிறிய மாநிலம் இரு சங்கங்களைத் தந்தது என்பதை மலாக்காத் தமிழர் மறத்தலாகாது.

துண்டாடலும் கூட்டுறவும்

சங்கத்தால் கூலி பேச முடிந்தது. தோட்டமே விலைபோனால் என் செய்வது? 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று மக்கள் இதனை அழைத்தனர். தலைமுறைகளாக வாழ்ந்தவர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊங்கு அஸீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை ஆராய்ந்து அதன் தீங்குகளை எடுத்துக்காட்டினார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டிய கையே தோட்டத்திற்கு உடைமை கொண்டாடியது பெரிய மாறுதல். எனினும், விற்பனைக்கு வந்த நிலப்பரப்பு மிகப் பெரிது. தொழிலாளரின் சேமிப்போ சிறிது.

அசஹானிலிருந்து தலைநகருக்கு

இச்சூழலில் 1967ஆம் ஆண்டு புக்கிட் அசஹான் தொழிலாளர் தம் குறைகளை ஏந்திக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டனர். தொலைவு ஏறத்தாழ 100 மைல். இடையில் உள்ளது நெகிரி செம்பிலான். வழி நெடுகிலும் சிற்றூர்கள், பிற தோட்டங்கள், பட்டணங்கள்.

இந்நடைப் பயணத்தின் பொருள் யாது? தோட்டத்துக்குள் ஒரு தகராறு எழுந்தால், அது துரைக்கும் ஆளுக்கும் இடையிலான உள்விவகாரமாகவே முடிந்துவிடும், வெளியுலகம் அறியாது. அத்தகராறு பெருஞ்சாலைக்கு வந்துவிட்டால் நாட்டின் வழக்காகிவிடும். எந்த எல்லைக்குள் அவர்கள் அடைபட்டிருந்தார்களோ, அந்த எல்லையைக் காலால் கடந்தார்கள். அதே ஆண்டில் தொழில் உறவுச் சட்டம் நிறைவேறியது. தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட வழக்கில் வேலைநிறுத்தம் கூடாதென்பது அதன் விதிகளுள் ஒன்று. ஒருபுறம் சாலையில் வழக்குரைத்த மக்கள். மறுபுறம் வழக்கை மன்றத்துக்குள் கொண்டுசென்ற சட்டம். அவ்வாண்டின் இரு முகங்கள் இவை.

எஞ்சி நிற்கும் வினா

பின்னர் செம்பனை பரவியது; நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறியது. குடியிருப்புத் தரம் பற்றிய சட்டம் 1990இல் வந்தது. குறைந்தபட்ச ஊதிய ஆணை 2012இல் பிறந்து, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என 2013இல் நடைமுறைக்கு வந்தது. இவை தாமாக விளையவில்லை. நெடுங்காலக் கோரிக்கையின் பயன். ஆயினும், வேலை முடிந்தபின் வீடு யாருக்கு என்ற பழைய வினாவுக்கு இவை விடை கூறவில்லை. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்த பிணைப்பு, தோட்டங்கள் மறைந்த இடத்தில் வீடிழப்பாக முடிந்தது.

மலாக்காவின் தமிழ்ப் பள்ளிகள் சில இன்றும் தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. புக்கிட் லிந்தாங் அவற்றுள் ஒன்று. வாணிக நோக்குடன் முதல் ரப்பர்த் தோட்டம் எழுந்த ஊரின் பெயரை அங்குள்ள பிள்ளைகள் நாள்தோறும் எழுதுகின்றனர். அம்மண்ணில் நட்டவர் யார் என்பதோடு, பால் வெட்டியவர் யார், வழக்குரைக்க நடந்தவர் யார் என்பதும் அவர்கள் அறிய வேண்டியதே. 1967இல் இருபது வயது இளைஞராய் நடந்தவர் இன்று எண்பதை எட்டும் முதியவர். அவர் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைக்கும் காலம் குறுகி வருகிறது. அப்பணியைத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டே தொடங்கலாம். தாத்தா பாட்டியிடம் கேட்டு வரும்படி கூறும் ஒரு வீட்டுப்பாடம் போதும்.