பெற்றோரே பயிற்சியாளர்

ஒரு குழந்தைக்கு மூன்று வயதாகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. பேசுவதில்லை, பேசினாலும் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறது. பொம்மை வண்டியின் சக்கரத்தை மணிக்கணக்கில் சுழற்றுகிறது. அன்றாட வழக்கம் சற்றே மாறினாலும் வீறிட்டு அழுகிறது. இந்நிலையை ஆட்டிசம் என்பர். தமிழில் மதியிறுக்கம் என்றும் கூறுவதுண்டு. இக்குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியவர் யார்? மருத்துவரா, விடுதிக் காப்பாளரா, பெற்றோரா? இதற்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

பெற்றோர்மீது விழுந்த பழி

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 11 குழந்தைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தை மருத்துவ உலகம் பரவலாக அறிந்தது இதன் பின்னரே. இது பிறவியிலேயே அமைந்த குறை என்று கானர் கருதினார். அதே கட்டுரையில், அப்பெற்றோருள் பலர் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்றும் குறித்திருந்தார். பின்வந்தோர் பலர் முதற்கருத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றிக்கொண்டனர். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற கொடிய பட்டமும் பிறந்தது. சிகாகோவில் விடுதிப்பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என வாதிட்டார். பிள்ளையின் துயரோடு பழியையும் தாய் சுமக்க நேர்ந்தது.

இப்பழியை எதிர்த்தவர்களுள் ஒருவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளவியலாளர். ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தை. இது மூளை சார்ந்த குறையே என்று சான்றுகளுடன் 1964இல் ஒரு நூல் எழுதினார்.

ஒரு மூக்குக் கண்ணாடியின் கதை

அதே 1964இல், வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் என்ற மூவர். மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண்புரை நீக்கும் அறுவை நடந்திருந்தது. கண்ணாடி அணியாவிட்டால் பார்வை கெடும்; அவனோ அதைத் தொடவிடவில்லை. தலையை மோதிக்கொண்டு அலறினான்.

ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? முதலில் கண்ணாடி இல்லாத வெறும் சட்டத்தைக் கொடுத்தனர். அதைத் தொட்டால் ஒரு தின்பண்டம். பிறகு கையில் எடுத்தால்தான் பண்டம். பிறகு கண்ணருகே கொண்டுசென்றால்தான். இப்படிப் படிப்படியாக முன்னேறி, நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரம் அணியும் நிலைக்கு வந்தான். இவ்வழிகளை அவனுடைய பெற்றோருக்கும் கற்றுக்கொடுத்தனர். வீடு திரும்பி ஆறு மாதம் கழிந்த பின்னும் அவன் கண்ணாடியைத் தொடர்ந்து அணிந்தான் என்று தாய் தெரிவித்தார்.

இதில் பயன்பட்ட விதி உங்களுக்கும் தெரிந்ததே. கடைவாசலில் அழும் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கித் தந்தால், அடுத்த முறையும் அது அழும். ஒரு செயலை அடுத்து நற்பயன் கிட்டினால், அச்செயல் மீண்டும் நிகழும். பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளிடம் விரிவாக ஆராய்ந்த இவ்விதியே நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை.

திருப்பம் தந்த ஆய்வு

லாஸ் ஏஞ்சல்ஸில் ஐவார் லோவாஸ் குழுவினர் 20 குழந்தைகளுக்கு இவ்வழியில் பயிற்சி தந்தனர். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்களை மீண்டும் பார்த்தனர். 1973இல் முடிவை வெளியிட்டனர். விடுதிகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் கற்றதை இழந்திருந்தனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் வளர்ந்தவர்களோ மேலும் முன்னேறியிருந்தனர்! சிகிச்சையாளர் போய்விடுவார், உணவு நேரமும் குளியல் நேரமும் விளையாட்டு நேரமும் பெற்றோரிடமே இருக்கின்றன என்பது விளங்கிற்று.

வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் 1971இலேயே பெற்றோரைத் 'துணைச் சிகிச்சையாளர்' என்று அழைத்தார். அவரது முறையில், சிகிச்சையாளர் குழந்தையோடு பழகுவதைப் பெற்றோர் ஒருவழிக் கண்ணாடி வழியே கவனித்துக் கற்றனர். 1972இல் மாநில அரசே அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

மறக்கக் கூடாத பக்கம்

இவ்வரலாற்றில் இருளும் உண்டு. லோவாஸின் தொடக்ககாலச் சிகிச்சையில் அடியும் மின்னதிர்ச்சியும் இருந்தன. இவற்றை இன்று வல்லுநர்கள் ஏற்பதில்லை. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், தங்களை மற்றவர்களைப் போல் நடிக்கப் பழக்கினர் என்றும் குறை கூறுகின்றனர். ஆகவே இன்றைய பயிற்சியில் முதற்கேள்வி, "இதை எப்படி நிறுத்துவது?" என்பதன்று, "குழந்தை இதன்மூலம் என்ன சொல்கிறது?" என்பதே. இரைச்சல் பொறாமல் அலறும் குழந்தைக்கு, காதைத் தொட்டுக் காட்டக் கற்பித்தால் அலறல் தேவையற்றுப் போகலாம்.

2015இல் அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையுள்ள 180 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பகுதிப் பெற்றோருக்கு ஆட்டிசம் பற்றிய விளக்கம் மட்டும். மறுபகுதியினருக்கு 24 வாரம் செய்முறைப் பயிற்சி. எரிச்சல் முதற்பிரிவில் ஏறக்குறைய 32 விழுக்காடும், இரண்டாம் பிரிவில் 48 விழுக்காடும் குறைந்ததாகப் பெற்றோர் மதிப்பிட்டனர்.

பயிற்சி ஆட்டிசத்தை நீக்கிவிடுவதில்லை. பெற்றோரின் உழைப்பும் சிறிதன்று. அவர்களுக்கும் ஓய்வும் துணையும் வேண்டும். உங்கள் தெருவிலோ உறவிலோ இத்தகைய குழந்தை இருக்கலாம். "வளர்ப்புச் சரியில்லை" என்ற சொல் அங்கே எழுந்தால், அறிவியல் அதை என்றோ கைவிட்டுவிட்டது என்று நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.